மக்காச்சோளம் போடச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெட்ரோலில் எத்தனால் என்ற சாராய எரிபொருளைக் கலக்க இலக்கு வகுக்கும் அதிகாரிகளுக்கு,

போன ஆடி மாதம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. திரையில் படம் காட்டினார்கள். எந்த வருஷத்துக்கு எத்தனை லிட்டர் எத்தனால் வேண்டும் என்று நீலக் கட்டங்கள் ஏறிக்கொண்டே போயின. கரும்பு இனிமேல் ஆற்றல் பயிர், மக்காச்சோளமும் ஆற்றல் பயிர், மானாவாரி நிலம் இருப்பவர்கள் எல்லாம் மக்காச்சோளம் போடுங்கள், ஆலை வாங்கிக்கொள்ளும் என்றார்கள். நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "இந்தப் படத்தில் எந்த வருஷம் மழை தவறும் என்று போட்டிருக்கிறீர்கள்?" மண்டபமே சிரித்தது. மேடையில் இருந்தவரும் சிரித்தார். "அது இயற்கைங்க, நம்ம கையில இல்ல" என்றார். அப்புறம் டீ கொடுத்தார்கள்.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. திருக்கோவிலூர் பக்கம், பெண்ணையாற்றங்கரையில் எனக்கு நாலரை ஏக்கர். மூன்று ஏக்கரில் கேணித் தண்ணீரை வைத்துக் கரும்பு, மீதி மேட்டு நிலம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறேன். எடைச்சீட்டுகளை எல்லாம் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன். எலி கடித்த நாலைந்தைத் தவிர மற்றவை பத்திரமாக இருக்கின்றன. 2000-க்குப் பிந்தைய முதல் சில வருஷங்களின் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் ஏக்கருக்கு 45 டன், 48 டன் வருகிறது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அந்தக் கரும்பை 2017-இல் வெட்டியபோது ஏக்கருக்கு 19 டன். அது பஞ்ச வருஷம், விட்டுவிடுவோம். யாரும் வறட்சி என்று அறிவிக்காத கடந்த நாலைந்து வருஷங்களிலும் 30, 28, 33 என்றுதான் சீட்டு சொல்கிறது. மண் களைத்துப்போனதும், பழைய கரணையையே (விதைக் கரும்புத் துண்டையே) திரும்பத் திரும்ப நட்டதும் இதற்கு ஒரு காரணம். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மட்டும் காரணம் என்றால் பாயும் தண்ணீரின் கணக்கு ஏன் மாறியது? சித்திரையில் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் விட்ட அதே வயலுக்கு இப்போது ஆறாம் நாளே மோட்டார் போட வேண்டியிருக்கிறது. ஏழாம் நாள் என்று விட்டால் காலை ஒன்பது மணிக்கே தோகை சுருண்டு ஊசி மாதிரி நிற்கும்.

"கரும்பு வெப்பப் பயிர்தானே, வெயில் ஏறினால் நல்லதுதானே" என்று அதே கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதில் பாதி உண்மை இருக்கிறது. 30 முதல் 35 டிகிரி வரை கரும்பு நன்றாகத்தான் வளரும். அதைத் தாண்டினால் வளர்ச்சி நின்று, பயிர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க மட்டும் தண்ணீர் குடிக்கிறது. தையில் நட்டது சித்திரையில் இளங்குருத்தாக இருக்கும். வறண்ட சூட்டில் இளங்குருத்துப்புழு பெருகும். நடுக்குருத்து வைக்கோல் நிறத்தில் காய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் தடையில்லாமல் கையோடு வரும், அடியை மூக்கருகே கொண்டுபோனால் அழுகல் நாற்றம் குப்பென்று அடிக்கும். 2024 சித்திரையில் ஒரு வரிசையில் நூறு தூருக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு போயிருந்தது. ஈரோடும் கரூரும் 42 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அடுத்தது சர்க்கரை. எத்தனாலுக்கு நீங்கள் வாங்குவது டன் கணக்கில் தோகையும் சக்கையும் இல்லை, உள்ளே இருக்கும் சர்க்கரையைத்தான். கரும்பு முதிரும்போது நிலம் காய்வதும் இரவு குளிர்வதும் சேர வேண்டும். அப்போதுதான் வளர்வதை நிறுத்திவிட்டுத் தண்டில் சர்க்கரையைச் சேர்க்கும். தமிழ்நாட்டுக் கரும்பில் பிழிதிறன், அதாவது கரும்பு எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு, இப்போது வடக்கைவிட, மகாராஷ்டிரத்தைவிடக் குறைவு. எங்களுக்குக் குளிர் என்று இருப்பதே மார்கழி, தை இரண்டு மாதம்தான். அந்த இரவுகளும் இப்போது வெதுவெதுப்பாகக் கழிகின்றன. போன தையில் ஆலையின் கரும்பு உதவியாளர் வந்து சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் வைத்துப் பார்த்தார். கரும்பைக் குத்தி ஒரு சொட்டுச் சாறு எடுத்துக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். அடியில் 18, நுனியில் 14. "இன்னும் இருவது நாள் போகட்டும்" என்றார். இருபது நாள் கழித்தும் நுனி 15-ஐத் தாண்டவில்லை. அதற்குள் வெயில் வந்துவிட்டது, எடை இறங்கத் தொடங்கியது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, ஒரு டன் கரும்பில் 70 லிட்டர் எத்தனால் கிடைக்கும், கரும்புச் சர்க்கரையில் இருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறத்தாழ 2860 லிட்டர் தண்ணீர் போகும் என்று எழுதியிருக்கிறது. மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஆனால் அது எந்த மாதிரி வருஷத்தின் கணக்கு? என் வயலில் 45 டன் விளைந்த இடத்தில் 28 டன் விளைகிறது, தண்ணீர் ஒன்றரை மடங்கு பாய்கிறது. வகுத்துப் பாருங்கள். அதே ஒரு லிட்டருக்கு இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் போகிறது. பிரிக்ஸ் குறைந்ததை இதில் நான் சேர்க்கவே இல்லை. பூமியைக் காப்பாற்றும் எரிபொருள் என்று பெட்ரோல் பங்க்கில் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த எரிபொருளுக்காகக் கேணியை இரண்டு தடவை ஆழப்படுத்தியவன் நான்.

2018-இல் உயிரி எரிபொருள் கொள்கை வந்தபோது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்குக்கு 2030 வரை அவகாசம் இருந்தது. அதை ஐந்து வருஷம் முன்னால் இழுத்தீர்கள். இப்போது எட்டியும் விட்டீர்கள். வெளிநாட்டு எண்ணெய்க்குப் போகும் பணம் மிச்சம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவில் 2023 என்று ஒரு வருஷம் வந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் நாட்டில் 1901-க்குப் பிறகு வந்த ஆகஸ்ட்டுகளில் மிகவும் வறண்டது. பசிபிக் கடல் சூடாகி நம் பருவமழையைக் கெடுக்கும் எல் நினோ வருஷம். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கரும்பு காய்ந்தது. டிசம்பர் 7-ஆம் தேதி ஓர் உத்தரவு வந்தது. கரும்புச் சாற்றில் இருந்து எத்தனால் எடுப்பதை நிறுத்துங்கள் என்றார்கள். ஒரு வாரத்தில் கொஞ்சம் தளர்த்தினார்கள். முழுக்க விலக்கியது 2024 ஆகஸ்ட் கடைசியில்.

அந்த உத்தரவை நான் குறை சொல்லவில்லை. சர்க்கரை விலை ஏறினால் டீக்கடையில் நானும்தான் கொடுக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. அன்றைக்கு வானத்தைப் பார்த்து இலக்கை மாற்ற உங்களால் முடிந்தது. அரவை தொடங்கிய பிறகு மாற்றினீர்கள். கரும்பு பன்னிரண்டு மாதப் பயிர். கரணை வாங்கி, நட்டு, பதிவு செய்து, கடன் எடுத்து, ஒரு வருஷம் வளர்த்தவனுக்கு அரவை நடுவில்தான் செய்தி வருகிறது. எங்கள் பக்கம் அந்தப் பருவத்தில் கரும்பை வெட்டச் சொல்லி ஆலை கொடுக்கும் கட்டிங் ஆர்டர் தள்ளித் தள்ளிப் போனது. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த உத்தரவால்தானா என்றும் தெரியாது. என் கரும்பு பங்குனி வெயிலில் நாற்பது நாள் கூடுதலாக நின்றது. வெட்டும்போது நடுத்தண்டு வெளுத்து நெட்டி விழுந்திருந்தது. மேஸ்திரி ஒரு கழியை ஒடித்துக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போட்டார்.

கரும்புக்குத் தண்ணீர் நிறைய, அதனால் மக்காச்சோளத்துக்கு மாறுங்கள் என்பது அடுத்த பாடம். அதுவும் போட்டுப் பார்த்தேன்.

2024 மாசியில் ஓர் ஏக்கர். விதை, உரம் எல்லாம் அவர்கள் சொன்ன அளவு. 2018-இல் கர்நாடகம் வழியாக வந்த படைப்புழுவுக்கு மூன்று முறை மருந்து. பயிர் ஆள் உயரத்துக்குமேல் பச்சைப்பசேல் என்று நின்றது. சித்திரைத் தொடக்கத்தில் உச்சியில் ஆண்பூ விரிந்தது. காலையில் வயலுக்குள் நடந்தால் தோளிலும் தலையிலும் மஞ்சள் தூள் கொட்ட வேண்டும். தட்டிப் பார்த்தேன், ஒன்றிரண்டு துகள்தான் உதிர்ந்தது. கதிரில் முடி இன்னும் வெளியே வரவில்லை. சூட்டிலும் வறட்சியிலும் ஆண்பூ முந்திக்கொள்ளும், கதிர் முடி பிந்தும், இரண்டும் சந்திக்காமல் போகும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 35 டிகிரிக்கு மேலே போனால் மகரந்தத்துக்கே உயிர் நிற்காதாம். அறுவடையில் உரித்த கதிர்கள் பல் கொட்டிய வாய் மாதிரி இருந்தன. அடியில் மூன்று சுற்று மணி, அதற்குமேல் வெறும் தக்கை. ஒரு கதிரை எடுத்து எண்ணினேன். 61 மணி. ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டியது.

ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 380 லிட்டர் எத்தனால் எடுக்கலாம் என்பது உங்கள் கணக்கு. ஏக்கருக்கு மூன்று டன் என்றால் ஆயிரத்துச் சொச்சம் லிட்டர். எனக்கு ஒரு டன்கூடத் தேறவில்லை.

சரி, வெயிலில்தானே கெட்டது, மழைக்காலத்தில் போடலாம் என்று அதே வருஷம் புரட்டாசியில் மேட்டு நிலத்தில் விதைத்தேன். மணி நன்றாகப் பிடித்தது. கார்த்திகை பாதியில் ஃபெங்கல் புயல் வந்தது. புதுச்சேரிக்கு அருகே கரை ஏறிய பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் உயரத்துக்கு மழை. டிசம்பர் 2 விடியற்காலையில் எங்கள் பெண்ணையாற்றில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். என் மேட்டு நிலத்துக்கு வெள்ளம் வரவில்லை, ஆனால் ஐந்து நாள் ஈரம் காயவில்லை. கதிர் நின்ற இடத்திலேயே அழுகியது. மிஞ்சியதைக் காயவைத்து எடுத்துப்போனால், வியாபாரி கையை மூட்டைக்குள் விட்டுப் பார்த்து, பூஞ்சை வாடை என்று பாதி விலை சொன்னார். கீழே ஆற்றோரக் கரும்பு நிலத்தில் முக்கால் ஏக்கர் மணல் மூடியது. அந்த மணலை அள்ள நான் செலவழித்ததைக் கேட்காதீர்கள்.

மூன்று மாதிரிப் பட்டத்தில் மூன்று மாதிரிக் கேடு. இது ஒருவனுடைய கெட்ட நேரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த நாட்டின் வேளாண் ஆராய்ச்சித் துறை என்ன சொல்லியிருக்கிறது? தாங்கும் நடவடிக்கைகள் எடுக்காவிட்டால் காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக்கால) மக்காச்சோள விளைச்சல் 2050-இல் 18 சதவீதமும் 2080-இல் 23 சதவீதமும் குறையும் என்ற கணிப்பை நாடாளுமன்றத்திலேயே அரசு பதிலாகக் கொடுத்திருக்கிறது. 573 மாவட்டங்களை ஆராய்ந்து, அவற்றில் 310 காலநிலையால் அதிகமாகவோ மிக அதிகமாகவோ பாதிக்கப்படக்கூடியவை என்று வகைப்படுத்தியிருப்பதும் அதே துறைதான். ஒரு துறை மக்காச்சோளம் குறையும் என்று எழுதுகிறது, இன்னொரு துறை மக்காச்சோளத்தை நம்பிச் சாராய ஆலைக்கு வட்டி மானியம் கொடுக்கிறது. அந்த நீலக் கட்டங்களை வரைந்தவர் இந்தப் பதிலைப் படித்தாரா? 2024-இல் எத்தனாலும் கோழித்தீவனமும் போட்டி போட்டதில் மியான்மரில் இருந்தும் உக்ரைனில் இருந்தும் மக்காச்சோளத்தைக் கப்பலில் கொண்டுவந்தோம். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு இது முதல் தடவையும் இல்லை. 2006-இல் என் அப்பா அந்த மேட்டு நிலத்தில் காட்டாமணக்கு நட்டார். அப்போது அதுதான் எதிர்காலம். தண்ணீரே வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது, தரிசிலும் காய்க்கும், டீசலே அதில் இருந்துதான் வரப்போகிறது என்றார்கள். கன்று கொடுத்தவர்கள் திரும்பி வாங்க ஆள் அனுப்புவதாகவும் சொன்னார்கள். தண்ணீர் விடாத செடி உயிரோடு நின்றது, காய்க்கத்தான் இல்லை. ஐந்து வருஷத்தில் இரண்டு மூட்டை காய். அதையும் வாங்க யாரும் வரவில்லை. 2009 கொள்கையில் 2017-க்குள் டீசலிலும் 20 சதவீதம் என்று எழுதியிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கினோம். அப்பா கடைசிவரை அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அன்றைக்கும் யாரோ ஒருவர் நல்ல மண்ணில், நல்ல மழையில் விளைந்ததை எடுத்து நாட்டுக்கே பெருக்கியிருக்கிறார். இன்றைக்கும் அதே மாதிரிதான் பெருக்குகிறீர்கள் என்பது என் வருத்தம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கரும்புக்குப் பிழிதிறன் 9.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும் ஒரு அடிவிலை இருக்கிறது. 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 329 ரூபாய் 5 காசு. அது இல்லாவிட்டால் எங்கள் பக்கம் கரும்பே இருந்திருக்காது. கோவையில் 1912 முதல் இயங்கும் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம், ஆற்றோரத்தில் தானாக முளைக்கும் பேய்க்கரும்பைச் சாகுபடிக் கரும்போடு இனம் கலந்து 1918-இலேயே கோ 205 என்ற இரகத்தைக் கொடுத்தது. நோயையும் வறட்சியையும் தாங்கும் குணம் அந்தப் பேய்க்கரும்பில் இருந்து வந்ததுதான். வழி தெரியாமல் இல்லை. ஆனால் வடக்கே கோ 0238 என்ற ஒற்றை இரகத்தை உத்தரப் பிரதேசத்தில் பெரும்பகுதிப் பரப்பில் போட்டு, அது செவ்வழுகல் நோயில் மாட்டியதைப் பார்த்தோம். இங்கே நாங்கள் கோ 86032 என்ற ஒரே இரகத்தை விட்டால் வேறு கதி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இவை.

20-ஐத் தாண்டி 27, 30 என்று பேச்சு அடிபடுகிறது. அதை அறிவிக்கும் முன், மழை பொய்த்த வருஷத்தில் எவ்வளவு, நல்ல வருஷத்தில் எவ்வளவு என்று இரண்டு எண்ணாக எழுதுங்கள். பருவமழை முன்கணிப்பு வந்ததும் எந்த எண் நடைமுறைக்கு வரும் என்று சொல்லுங்கள். நடுப்பருவத்தில் மாற்றியே ஆக வேண்டும் என்றால், பதிவு செய்த கரும்பு வெயிலில் நிற்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் எடை இழப்பை யார் கொடுப்பது என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்க வேண்டும்.

மக்காச்சோளத்துக்கும் கரும்பு மாதிரி கையில் கிடைக்கும் ஒரு அடிவிலை வேண்டும். 2025-26-க்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 2400 ரூபாய் என்று அறிவித்தீர்கள். அந்த விலைக்கு எங்கள் பக்கம் வாங்க ஆள் இல்லை. அரசு மானியத்தில் நடக்கும் எத்தனால் ஆலை ஆதார விலைக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஈரப்பதத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் விதைக்கும் முன்பே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பயிர்க் காப்பீட்டில் கரும்புக்கு நாங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம். இழப்பைப் பகுதிச் சராசரியில் பார்க்கிறார்கள், எடையில் மட்டும் பார்க்கிறார்கள். பூக்கும் பருவத்தில் தொடர்ந்து இத்தனை நாள் இத்தனை டிகிரி அடித்தால் இவ்வளவு இழப்பீடு என்று வெப்பத்தை வைத்து ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். ஃபிர்கா தோறும் தானியங்கி வானிலைக் கருவி இல்லாமல் இது நடக்காது. ஆகையால் அந்தக் கருவியையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நிலத்தடி நீர் ஏற்கெனவே அதிகமாக உறிஞ்சப்பட்ட ஃபிர்காக்களில் புதிய எத்தனால் ஆலைக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்துங்கள். மற்ற இடங்களிலும், 2860 லிட்டர் என்ற நல்ல வருஷக் கணக்கை வைத்து அனுமதி கொடுக்காதீர்கள். வறண்ட வருஷத்துக்கு அந்த ஊரில் எவ்வளவு என்று அளந்து கிராம சபையில் வையுங்கள்.

புதிய இரகங்களின் சோதனையை ஆராய்ச்சிப் பண்ணையோடு நிறுத்தாமல், சித்திரையில் எங்கள் வயல்களில் செய்யுங்கள். என்னுடைய அரை ஏக்கரைத் தருகிறேன், குத்தகை வேண்டாம். விளைச்சல் எவ்வளவு விழுந்தது என்ற முடிவைத் தமிழில், வட்டார வாரியாக வெளியிடுங்கள்.

புரட்டாசி விதைப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மக்காச்சோள விதைக்கு முன்பணம் கட்டச் சொல்லி நேற்றும் ஆள் வந்தார். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
திருக்கோவிலூர் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவன்